உண்ணியைத் தேடிய பறவை மனிதர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியெங்கும் இன்று பெரிய பெரிய தொழிற்சாலைகள். ஆனாலும் ஏரிக்கரைகளில் மாடுகள் மேய்கின்றன. மாட்டின் காதோரம் உண்ணி ஒட்டியிருக்கும். மாட்டுக்காரர் அதைப் பிடுங்கி நசுக்கிவிட்டுப் போவார்.

இந்த உண்ணிக்கு உறவான ஒரு காட்டு உண்ணியால், பறவைகள் மீது ஒரு முறை கொலைப்பழி விழுந்தது! உண்மையைக் கண்டறியப் புறப்பட்டவர் சலீம் அலி.

குருவி காட்டிய வழி

சலீம் அலி 1896-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி பம்பாயில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய், தந்தையை இழந்தார். மாமா வீட்டில் வளர்ந்தார்.

ஒரு நாள் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன குருவி என்று மாமாவுக்குத் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். அங்கே பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் கண்ட சிறுவன், அன்று முதல் பறவைப் பித்தன் ஆனான்!

பிறகு ஜெர்மனி சென்று பறவையியல் பயின்றார். 1939-ல் அன்பு மனைவி தெஹ்மினா காலமானார். துயரத்திலும் அவர் வேலையை விடவில்லை. 1941-ல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் புகழ் பெற்றது.

செத்து விழுந்த குரங்குகள்

1957-ம் ஆண்டு. மைசூர் ராஜ்யம், ஷிமோகா மாவட்டம், கியாசனூர் காடு. அங்கே குரங்குகள் செத்து விழுந்தன. காட்டுக்குப் போய் வந்த மனிதர்களும் கடும் காய்ச்சலில் விழுந்தார்கள். சிலர் இறந்தார்கள்.

பூனா வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். உண்ணி கடிப்பதால் பரவும் வைரஸ் அது. ரஷ்யக் காடுகளில் உள்ள ஒரு நோயின் வைரசைப் போலவே இருந்தது.

அப்படியானால் இங்கே எப்படி வந்தது? குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து பறந்து வரும் பறவைகள், உண்ணியைச் சுமந்து வந்தனவோ? சந்தேகம் பிறந்தது.

காலில் வளையம்

உலக சுகாதார நிறுவனம் பண உதவி செய்தது. 1959-ல் சலீம் அலி வேலையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 60-க்கு மேல்!

மெல்லிய வலைகளில் பறவைகளைப் பிடித்தார்கள். உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்தார்கள். காலில் எண் பொறித்த அலுமினிய வளையம் மாட்டிப் பறக்க விட்டார்கள். எங்கோ தொலைதூரத்தில் அந்தப் பறவை அகப்பட்டால், வளையம் அதன் ஊரைச் சொல்லிவிடும். நம் கோடியக்கரையிலும் இந்த வேலை நடந்தது.

பின்னர் அமெரிக்க ராணுவப் பிரிவு ஒன்றும் பணம் கொடுத்தது. கிருமி யுத்தத்துக்கான ஆராய்ச்சியோ என்று பேச்சு எழுந்தது. பறவைகளின் பழியைத் தீர்க்க வந்தவர் மீதே பழி!

தீர்ப்பு

பல ஆண்டுகள் தேடியும், பறவைகள்தான் வைரசைக் கொண்டுவந்தன என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. காட்டு எலிகளிடமும் உண்ணிகளிடமும் அது அந்தக் காட்டிலேயே வாழ்ந்து வந்தது. மனிதன் காட்டை அழித்தான். மாடுகளை உள்ளே ஓட்டினான். மாட்டின் ரத்தத்தைக் குடித்து உண்ணிகள் பெருகின. நோய் மனிதனைத் தொற்றியது.

அந்த வளையங்களோ, பறவைகள் வரும் வழிகளையும் போகும் வழிகளையும் உலகுக்குக் காட்டின. 1967-ல் கோடியக்கரை சரணாலயம் ஆயிற்று.

1987-ம் ஆண்டு ஜூன் 20-ந் தேதி, 90-வது வயதில் சலீம் அலி மறைந்தார். கோடியக்கரைக்கு ஆண்டுதோறும் பறவைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.