துறை திருத்திய தலைவர்

சோழர்க்குப் புகாரும் பாண்டியர்க்குக் கொற்கையும் ஆற்றுமுகத்தில் அமைந்த துறைமுகங்களாக வாய்த்தன. சென்னைக்கு அத்தகைய பேறு இல்லை. அலை ஓயாது மோதும் திறந்த கரையே அதற்கு வாய்த்தது. கப்பல்கள் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே மக்களையும் பண்டங்களையும் கரை சேர்க்கும். அலையில் கவிழ்ந்தவை பல.

இக்குறை நீங்கும்பொருட்டு, 1875-ஆம் ஆண்டு துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. கடலுள் இரு கைகள் நீண்டு வளைவன போலக் கற்சுவர்கள் எழுப்பி, கிழக்கே வாயில் விடுவது பார்க்ஸ் என்னும் பொறியாளர் வகுத்த திட்டம். 1881 நவம்பரில் எழுந்த பெரும்புயல், முடியுந்தறுவாயிலிருந்த சுவர்களைத் தகர்த்தெறிந்தது. மீண்டும் கட்டினர். ஆயினும், கிழக்கு வாயில் வழியே பேரலைகள் நேரே உட்புகுந்தன. உள்ளே நின்ற கப்பல்களும் அலைக்கழிந்தன. அலையோடு மணலும் வந்து வாயிலைத் தூர்க்கத் தொடங்கியது. இத்தகைய துறைமுகத்தின் தலைமையை 1904-ஆம் ஆண்டில் ஏற்றவரே பிரான்சிஸ் ஸ்பிரிங்.

இவர் 1849-இல் பிறந்த அயர்லாந்துக்காரர். டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரியில் பயின்று, 1870-இல் இந்திய அரசின் பொறியியல் பணியில் சேர்ந்தார். தென்னாட்டு இருப்புப்பாதைகளின் வளர்ச்சியில் இவர் பங்கு பெரிது. கோதாவரிப் பாலப் பணியால் இவர் புகழ் பரவிற்று. ஒரு வேலை முடிந்தவுடன் அடுத்ததற்கு விரைந்தோடுவது பொறியாளர் பலரின் வழக்கம். ஸ்பிரிங் அவ்வாறு செய்தாரல்லர். பாலங்கட்டும் இடங்களில் ஆறுகள் தடம் மாறிப் பாய்வதைத் தடுக்கும் முறைகளைக் குறித்து, நாடெங்கும் பெற்ற பட்டறிவைத் திரட்டி, 1903-இல் ஒரு நூல் எழுதினார். எங்கே கரை நின்றது, எங்கே சரிந்தது, ஏன் சரிந்தது என ஆராய்ந்தறிவது, அவருக்குக் கட்டுமானத்தில் ஒரு பகுதியாகவே இருந்தது.

ஆற்றை ஆராய்ந்தவர் இப்போது கடலை ஆராயலானார். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதிக் கரைமணலை வடக்கே தள்ளுகின்றன. வாடைக்காலத்தில் மணல் தெற்கே திரும்புகிறது. இரண்டையும் கணக்கிட்டால், வடக்கே செல்லும் மணலே மிகுதி. துறைமுகத்தின் தெற்குச் சுவர் அதனை மறித்தது. சுவரின் தெற்கே ஆண்டுதோறும் மணல் குவிந்தது. கரை கடலை நோக்கி வளர்ந்தது. இன்று மெரினாவில் காணும் அகன்ற மணற்பரப்பு பெரிதும் அவ்வாறு சேர்ந்ததே. சுவரின் முனையைச் சுற்றிவந்த மணல்தான் வாயிலைத் தூர்த்தது.

நோய் விளங்கியபின் மருந்து தெளிவாயிற்று. கிழக்கு வாயிலை அடைத்துவிட்டு, வடகிழக்கில் புதிய வாயில் திறக்கப்பட்டது. அதனைக் காக்க வடக்கு நோக்கி ஒரு சுவரும் நீண்டது. அலையின் வேகம் தணிந்தது; மணலும் நெடுந்தொலைவு சுற்றியே வரவேண்டியதாயிற்று. முன்னோர் பெரும்பொருள் செலவிட்டு அமைத்த வாயிலை மூடுவதற்கு வேண்டிய துணிவு சிறிதன்று. 1911-இல் அவருக்குச் 'சர்' பட்டம் கிடைத்தது. சென்னைக் கரையின் மணற்போக்கைப் பற்றிய தம் ஆராய்ச்சியையும் அவர் இலண்டன் பொறியாளர் கழகத்தின்வழி வெளியிட்டார்.

கல்லையும் மணலையும் ஆராய்ந்தவர் தம்கீழ்ப் பணிபுரிந்த மனிதரையும் ஆராய்ந்தார். 1912 மார்ச்சு முதல் நாள், துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவில், திங்கள் முப்பது ரூபாய் ஊதியத்தில் ஓர் இளைஞர் எழுத்தராக அமர்ந்தார். அவரே கணிதமேதை இராமானுசன். அலுவலகத்தில் ஸ்பிரிங்கிற்கு அடுத்த நிலையிலிருந்த நாராயண ஐயர் கணிதம் வல்லவர். அவர் அவ்விளைஞரின் அருமையைத் தலைவருக்கு எடுத்துரைத்தார். ஓய்வு வேளையில் எண்களோடு இருப்பவனைச் சோம்பன் என்று கடியும் தலைவர்களும் உலகில் உளர். ஸ்பிரிங்கோ, அக்கணிதம் தமக்கு எட்டாதது என்பதனால் அதனை ஒதுக்கிவிடவில்லை. தாமே தீர்ப்புச் சொல்லவும் துணியவில்லை. அறிந்தோரைக் கொண்டு மதிப்பிட முயன்றார்; கல்வித்துறைத் தலைவருக்கும் எழுதினார். 1913 பிப்ரவரியில், கணிதப் புலமை மிக்கவரும் வானிலைத்துறைத் தலைவருமான கில்பர்ட் வாக்கர் துறைமுகத்திற்கு வந்தபோது, இராமானுசனின் ஏடுகள் அவர்முன் வைக்கப்பட்டன. வாக்கர் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரைத்தார். அவ்வாண்டு மே மாதம் முதல் திங்கள் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவிப்பணம் கிடைத்தது. 1914 மார்ச்சில் இராமானுசன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பயணம் கைகூடவும் ஸ்பிரிங் ஆளுநர் அலுவலகத்திற்கு எழுதியிருந்தார்.

அலுவல் ஒழிந்த வேளையில் பாய்மரப் படகு செலுத்துவதில் ஸ்பிரிங்கிற்கு விருப்பம் மிகுதி. 1911-இல் சென்னையில் படகோட்டுவோர் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தவரும் அவரே. 1919-இல் பதவியினின்றும் நீங்கி, 1933-இல் மறைந்தார். துறைமுகத்தில் 'ஸ்பிரிங்ஹேவன்' என்னும் துறைமேடை அவர் பெயரைத் தாங்கியது.

துறைமுகத்தின் வடபால் நிகழ்ந்ததோ வேறு. தெற்கே தங்கிய மணல் இராயபுரத்திற்கும் திருவொற்றியூருக்கும் வந்து சேரவில்லை. சென்ற மணலுக்கு ஈடின்றி அக்கரையைக் கடல் அரித்தது. வாயிலை மாற்றியதால் கப்பல்களின் துன்பம் நீங்கிற்றேயன்றி, கரையின் துன்பம் நீங்கவில்லை. மீனவர் வலை உலர்த்திய மணல்மேடுகளும் குடியிருந்த தெருக்களும் கடலுட் சென்றன. எஞ்சிய கரையைக் காக்கப் பிற்காலத்தார் அங்கே பாறைகளைக் கொட்டிச் சுவர் அமைத்தனர்.