இரவல் மெட்டும் ஒரு இசை மேதையும்

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்திலிருந்து கேட்டதும், முத்துசாமி தீட்சிதரைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். கணக்குப் படிச்சவனுக்குச் சங்கீதத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

தீட்சிதர் 1775-ல் திருவாரூரில் பிறந்தார். தந்தை ராமசாமி தீட்சிதர் பெரிய வித்வான். ஆகவே பாட்டு வீட்டிலேயே கிடைத்தது. பிறகு மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில், சென்னைக்குப் பக்கத்தில் உள்ள மணலிக்குக் குடிபெயர்ந்தார்கள். முதலியார்களுக்குக் கம்பெனி துரைமார்களோடு பழக்கம். அந்த வழியில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வாசித்த வெள்ளைக்காரன் பேண்டு சகோதரர்கள் காதில் விழுந்தது. தம்பி பாலுசாமி ஒரு ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டார். இன்றைக்குப் பிடில் இல்லாத கச்சேரி உண்டா, யோசித்துப் பாருங்கள்!

அண்ணன் வேறொன்று செய்தார். இங்கிலீஷ், ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளை எடுத்து, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் நம் தெய்வங்கள் மேல் சாகித்யம் எழுதினார். பிரிட்டிஷ் ராஜ வாழ்த்தின் மெட்டுக்கூட அதில் உண்டு. இப்படிச் சுமார் 40 பாட்டுகள். பெரும்பாலும் சங்கராபரண சுரங்கள்தான். மேல்நாட்டு மேஜர் ஸ்கேலும் அதே சுரங்கள் ஆயிற்றே! கமகம் போட்டு வளைக்காமல் நேராகப் பாடுவதால் சின்னப் பிள்ளைகளுக்கும் வாயில் நுழையும். இவற்றுக்கு நோட்டு ஸ்வர சாகித்யம் என்று பெயர். மெட்டு எங்கிருந்து வந்தது என்பதை அந்தப் பெயரே காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஒளிக்க ஒன்றுமில்லை.

இன்னொரு விதமான இரவலும் அவரிடம் உண்டு. இளம் வயதில் சிதம்பரநாத யோகியோடு காசிக்குப் போய்ச் சில வருஷம் இருந்தார். அங்கே கேட்ட வடநாட்டுச் சங்கீதம் அவருக்குள் ஊறிவிட்டது. அங்கத்திய ஜெயஜெயவந்தி இவரிடம் த்விஜாவந்தி ஆயிற்று. அவருடைய கிருதிகளின் நிதான நடைக்கும் துருபத் பாணிதான் தூண்டுதல் என்று அறிஞர்கள் சொல்வார்கள். இங்கே மெட்டைப் பெயர்த்து எடுக்கவில்லை, கேட்டதைச் செரித்துக்கொண்டார். திருவாரூர் கமலாம்பாள் மேல் பாடிய நவாவரணத்தையோ நவக்கிரக கிருதிகளையோ கேட்டால் தீட்சிதர் மட்டும்தான் தெரிவார்.

வாங்கியவர் கொடுக்கவும் செய்தார். தஞ்சை நால்வர் அவருடைய சீடர்கள். 1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் காலமானார். பாலுசாமியின் பேரன் சுப்பராம தீட்சிதர் 1904-ல் கிருதிகளைச் சுரப்படுத்தி அச்சிட்டதால்தான் நமக்கு இத்தனை மிஞ்சியது.

இப்போது காரணம். விடுதி நாள் விழாவில் சொந்த மெட்டுப் போட்டி வைத்தார்கள். எனக்கு முதல் பரிசு. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஆனால் அந்த மெட்டு என்னுடையது அல்ல. என் அறைத் தோழனின் அம்மா நடவு வயலில் பாடியது. அவன் ராத்திரி துணி துவைக்கும்போது முணுமுணுப்பான்; நான் கேட்டு வைத்துக்கொண்டேன். வார்த்தை என்னுடையது, மெட்டு அவன் அம்மாவுடையது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் பரிசு குறைந்திருக்காது. சொல்லவில்லை. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவன் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அறையில் முணுமுணுப்பதை மட்டும் நிறுத்திவிட்டான்.

தம்பி தங்கைகளே, எடுப்பது தப்பில்லை. தீட்சிதரே எடுத்திருக்கிறார். எங்கே எடுத்தோம் என்பதை விழுங்குவதுதான் தப்பு.

இந்தச் சந்திப்புக்கு அவனும் வருகிறானாம். மேடையில் என்னைப் பாடச் சொன்னால், முதலில் அவன் அம்மாவைச் சொல்லிவிட்டுத்தான் பாடுவேன்.