ஐடா ஸ்கடர்: எல்லோருக்கும் தெரிந்த அந்த இரவும், அதிகம் பேசப்படாத 1938-ம்

எங்க ஆயா, அதாவது அப்பாவோட அம்மா, குடியாத்தம் பக்கத்து ஊர்க்காரர். எங்கள் வீட்டில் வேலூர் என்றால் கோட்டையும் இல்லை, ஜெயிலும் இல்லை, ஆஸ்பத்திரிதான். உள்ளூர் டாக்டர் கையை விரித்துவிட்டால் அடுத்த பேச்சே வேலூருக்கு எப்போது கிளம்புவது என்பதுதான். அந்த சி.எம்.சி.யைக் கட்டியவர் ஒரு வெள்ளைக்கார அம்மா என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. பிழைப்புக்காக பாஸ்டன் வந்து ஒன்பது வருஷம் கழித்து, இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் நார்த்ஃபீல்டு என்ற சின்ன ஊர் வழியாகப் போனபோதுதான், அவர் படித்த பள்ளிக்கூடம் அங்கே இருந்தது என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஐடா ஸ்கடர் வெளியிலிருந்து திடீரென்று வந்தவர் இல்லை. அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819-ல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தவர்; பிறகு சென்னைக்கு மாறினார். அப்பாவும் டாக்டர், ஆற்காடு மிஷனில் வேலை. ஐடா பிறந்தது 1870 டிசம்பரில், ராணிப்பேட்டையில். சின்ன வயசிலேயே பஞ்சத்தையும் பசியையும் பார்த்துவிட்ட பெண்ணுக்கு இந்தியாவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. அமெரிக்காவில் படித்து, அங்கேயே செட்டில் ஆகிவிட வேண்டும் என்பதுதான் அவர் திட்டம். (நம்மில் பலருக்கு இது பழக்கமான திட்டம்தான்!)

1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்தார்கள்: ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு உயர்சாதி இந்து. மூவர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவச் சிக்கல். ஐடாவின் அப்பாவை அனுப்புகிறோம் என்றால் மூவருமே மறுத்தார்கள், ஆண் டாக்டர் தொடக் கூடாது. ஐடாவைக் கூப்பிட்டார்கள், அவருக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அவர் மதப் பிரசாரத்துக்கு வந்தவர்தானே என்று சமூக வலைதளங்களில் அவ்வப்போது ஒரு சண்டை கிளம்பும். அவர் மிஷனரிதான், அதை ஒருநாளும் மறைத்ததில்லை. நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் அந்த இரவில் எனக்குக் கண்ணில் படுவது வேறு: கடவுளில் ஒத்துப்போகாத மூன்று வீடுகள், பொம்பளையை ஆம்பளை டாக்டர் பார்க்கக் கூடாது என்பதில் மட்டும் ஒத்துப்போயின.

அமெரிக்கா திரும்பியவர் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, கடைசி வருஷத்தை நியூயார்க்கில் கார்னெல் கல்லூரியில் முடித்து 1899-ல் டாக்டர் ஆனார். ஷெல் என்ற வங்கிக்காரர் இறந்துபோன தன் மனைவி நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-ம் ஆண்டு பிறக்கும்போது ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். அப்பாவிடம் கொஞ்ச நாள் கூட இருந்து தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். சில மாதங்களிலேயே அப்பா இறந்துவிட்டார். வேலூர் பங்களாவில் ஒரே ஒரு படுக்கையோடுதான் தொடக்கம். மருந்து கொடுக்க, காயம் கட்ட உதவிக்கு நின்றவர் சமையல்காரரின் மனைவி சலோமி. 1902-ல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது.

படுக்கையைக் கூட்டினால் மட்டும் போதாது என்று சீக்கிரமே புரிந்துகொண்டார். 1909-ல் நர்ஸ் பயிற்சி தொடங்கினார். அதே வருஷம் ஒரு சின்ன பெஜோ கார் வந்தது. வாராவாரம் குடியாத்தம் ரோட்டில் அந்தக் கார் போகும். வழியில் மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருப்பார்கள். அங்கேயே புண்ணைக் கழுவி, கட்டுப் போட்டு, மருந்து கொடுத்து அனுப்புவார்கள். முதன்முதலில் காரைப் பார்த்தவர்கள் பேய் வருகிறது என்று ஓடியதாகக் கதை உண்டு. எங்க ஆயா சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் இந்த ரோட்டோர வைத்தியம் நடந்துகொண்டுதான் இருந்தது. வேலூர் வண்டி என்றுதான் அதைச் சொல்வார். புளியமரத்தடியில் கட்டிக்கு மருந்து வாங்கிய கதையை எங்களுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே பெரிசு என்றார் அனுமதி கொடுத்த ஆங்கிலேய அதிகாரி. ஆறு பேர் வந்தால் ஆரம்பிக்கலாம் என்று சலுகை. விண்ணப்பங்கள் அதைப்போலப் பல மடங்கு வந்தன. 1922-ல் 14 பெண்கள் மாகாணத் தேர்வு எழுதினார்கள், 14 பேரும் பாஸ். ஆண்கள் பள்ளிகளில் பெரும்பாலோர் தேறாத தேர்வு அது.

பொதுவாகக் கதையை இங்கே ஒரு தாவு தாவி, இன்றைய பெரிய கட்டடத்துக்கு வந்துவிடுவார்கள். எனக்கோ இதற்குப் பிறகு வருவதுதான் முக்கியமாகப் படுகிறது.

வேலூர் பள்ளி கொடுத்தது எல்.எம்.பி. என்ற டிப்ளமா. 1938 வாக்கில் சென்னை மாகாண அரசு, இனி டாக்டர் என்றால் பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். படித்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. நியாயமான முடிவுதான். ஆனால் வேலூருக்கு அது கழுத்தில் கத்தி. உயர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும், ஆய்வகங்கள் வேண்டும், படுக்கைகளைக் கூட்ட வேண்டும். இத்தனைக்கும் பணம் ஏது? அப்போது ஒரு வழி வந்தது. இந்தியாவில் பல சபைகளும் சேர்ந்து ஒரு கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நடத்தும் யோசனை இருந்தது. அதை வேலூரிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஆண்களையும் சேர்க்க வேண்டும்.

இதைக் கேட்டதும் அமெரிக்காவில் இருந்த ஆதரவாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். எதிர்த்தவர்களில் முக்கியமானவர் லூசி பீபாடி, ஐடாவின் நெருங்கிய தோழி. 1920-களில் ஆசியாவின் பெண்கள் கல்லூரிகளுக்காக ராக்ஃபெல்லர் பணமும் ஊர் ஊராகச் சில்லறைப் பணமும் திரட்டியவர். சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும் வேலூரும் அதில் பயன்பெற்றவை. பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்த காசு இது, ஆண்கள் வந்தால் நாளடைவில் அவர்கள் கைக்கே எல்லாம் போய்விடும் என்பது அவர் வாதம். அவர் விலகிக்கொண்டார். நட்பும் முறிந்தது.

பீபாடியைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. எங்க ஆயாவுக்கு நாற்பது வயசு தாண்டி கர்ப்பப்பைத் தொந்தரவு வந்தபோது, உள்ளூரில் ஆம்பளை டாக்டர்தான் இருக்கிறார் என்று ஒரு வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். கடைசியில் வேலூரில் ஒரு லேடி டாக்டர் பார்த்து ஆபரேஷன் செய்துதான் பிழைத்தார். 1970-களிலேயே நிலைமை இது. 1938-ல் பீபாடி பயந்ததில் என்ன தப்பு?

ஆனால் கதவை மூடிவிட்டால் அந்த லேடி டாக்டரும் வந்திருக்க மாட்டார். ஐடா போட்ட கணக்கு இதுதான் என்று நினைக்கிறேன். நாற்பது வருஷம் தானே கட்டிக் காத்த ஒரு விதியை, ஏறத்தாழ எழுபது வயசில், தானே விட்டுக்கொடுத்தார். ஆபீஸில் பத்து வருஷம் முன்னால் நான் எழுதிய புரோகிராமைத் தூக்கிப் போடச் சொன்னாலே எனக்கு மனசு வராது. இது ஒரு வாழ்நாள் வேலை.

சம்மதித்ததோடு நிற்கவும் இல்லை. 1941-ல், உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார். திரும்பி வந்தது 1945-ல். இதற்கிடையே 1942-ல் சென்னைப் பல்கலைக்கழகம் எம்.பி.பி.எஸ். வகுப்புக்குத் தற்காலிக இணைப்பு கொடுத்திருந்தது. 1947-ல் முதல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். ஐடா அதற்கு முன்பே பொறுப்பைவிட்டு விலகியிருந்தார். சீக்கிரமே ஹில்டா லாசரஸ் முதல் இந்திய இயக்குநராக வந்தார். அவரும் ஒரு பெண், பிரசவ மருத்துவர்.

அடுத்த வருஷமே பால் பிராண்ட் அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். ஐடா அதையெல்லாம் கொடைக்கானலில் தன் வீட்டில் இருந்துகொண்டும், அவ்வப்போது வேலூர் வந்தும் பார்த்தார். 1960 மே மாதம், 89 வயதில், கொடைக்கானலில் காலமானார். வேலூரில்தான் அடக்கம். மறுவருஷம் இந்தியாவின் முதல் திறந்த இதய அறுவை சிகிச்சை அங்கே நடந்தது.

2022-ல் சி.எம்.சி. ராணிப்பேட்டையில், ஐடா பிறந்த ஊரில், புது வளாகம் திறந்தது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவை முழங்கால் வலிக்குக் காட்ட அங்கேதான் கூட்டிப் போவதாக இருக்கிறேன். லேடி டாக்டர்தான் வேண்டும் என்று அம்மா இப்போதே போனில் சொல்லிவிட்டார்.