பிலிப் வொன் ஃபெராரி

பிலிப் வொன் ஃபெராரி (சனவரி 11, 1850 – மே 20, 1917) பாரிசில் வாழ்ந்த புகழ் பெற்ற அஞ்சல்தலை சேகரிப்பாளர் ஆவார். தனி ஒருவர் திரட்டிய அஞ்சல்தலைத் தொகுப்புகளுள் இவருடையதே மிகவும் முழுமையானது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. தொகுப்பு சிதறாமல் பொதுமக்களுக்குச் சேரவேண்டும் என்று இவர் விரும்பினார். ஆனால் முதலாம் உலகப் போரின் விளைவாக அது ஏலத்தில் பிரித்து விற்கப்பட்டது.

குடும்பம்

இவருடைய தந்தை ரஃபாயேலே தெ ஃபெராரி, இத்தாலியின் செனோவா நகரைச் சேர்ந்தவர். வங்கித் தொழிலாலும் தொடர்வண்டிப் பாதை முதலீடுகளாலும் பெருஞ்செல்வம் ஈட்டியவர். கலியேரா கோமகன் என்னும் பட்டம் பெற்றவர். தாயார் மரியா பிரிஞோலே-சாலே. குடும்பம் பாரிசில் மத்திஞோன் மாளிகையில் வாழ்ந்தது. 1876 இல் தந்தை இறந்தபின் அவருடைய பட்டங்களை ஏற்க ஃபெராரி மறுத்துவிட்டார். பின்னர் ஆசுத்திரியப் படை அதிகாரி ஒருவர் இவரைத் தத்தெடுத்துக்கொண்டார்; இவர் ஆசுத்திரியக் குடியுரிமையும் பெற்றார். 1888 இல் இறந்த தாயார் மாளிகையை ஆசுத்திரியப் பேரரசருக்கு விட்டுச் சென்றார். அது தூதரகமாக மாறிய பின்னரும் ஃபெராரி அதன் ஒரு பகுதியிலேயே தங்கியிருந்தார். இம்மாளிகை 1935 முதல் பிரான்சின் பிரதமருடைய அலுவலகமாக உள்ளது.

சேகரிப்பு

ஃபெராரி சிறுவயதிலேயே அஞ்சல்தலை சேகரிக்கத் தொடங்கினார். 1874 இல் பாரிசு அஞ்சல்தலை வணிகர் பியேர் மாயே என்பவரைத் தம் தொகுப்பின் பொறுப்பாளராக அமர்த்தினார். தனித் தலைகளை வாங்கியதோடு நில்லாமல் முழுத் தொகுப்புகளையும் விலைக்கு வாங்கினார். இலண்டன் அஞ்சல்தலைச் சங்கத்தின் முதல் தலைவரான சர் டானியல் கூப்பரின் தொகுப்பை 1878 இலும், நீதிபதி பிரெடரிக் பில்பிரிக்கின் தொகுப்பை 1882 இலும் வாங்கினார்.

அக்காலத்தில் பாரிசுச் சேகரிப்பாளர்கள் அஞ்சல்தலையின் படத்தை மட்டுமன்றித் தாள், நீர்க்குறி, ஓரத்துளைகள் ஆகியவற்றையும் நுணுகி ஆராய்ந்தனர். ஒரே படத்தைக் கொண்ட இரு தலைகள் தாளிலோ துளையிலோ வேறுபட்டால் அவை இரு வேறு வகைகளாகவே கொள்ளப்பட்டன. துளைகளை அளக்கும் அளவியை 1866 இல் உருவாக்கிய மருத்துவர் லெகிராண்டும் பாரிசைச் சேர்ந்தவரே.

அரிய அச்சு, தாள் வகைகள்

ஃபெராரியின் தொகுப்பில் இருந்த அரிய தலைகளுட் சில:

பிரித்தானிய கயானா 1 சதம், 1856: இலண்டனில் இருந்து வரவேண்டிய அஞ்சல்தலைகள் வந்து சேராததால், சார்ச்சுடவுனில் செய்தித்தாள் அச்சகம் ஒன்றில் அவசரமாக அச்சிடப்பட்டது. கருஞ்சிவப்புத் தாளில் கறுப்பு மை கொண்டு அச்சிட்டனர். போலிகளைத் தடுக்க அஞ்சல் ஊழியர்கள் தலைகளின்மீது தம் பெயரின் முதலெழுத்துக்களை எழுதினர். இத்தலையில் இன்று ஒன்றே ஒன்று அறியப்பட்டுள்ளது. 1873 இல் அதனைக் கண்டெடுத்த 12 வயதுச் சிறுவன் 6 சில்லிங்கிற்கு விற்றான். ஃபெராரி 1878 இல் சுமார் 150 பவுண்டுக்கு வாங்கினார்.

சுவீடனின் மஞ்சள் 3 சில்லிங், 1855: இது நீலப்பச்சை நிறத்தில் இருக்கவேண்டிய தலை. 8 சில்லிங் தலையின் அச்சுத்தட்டில் 3 சில்லிங் அச்சு ஒன்று தவறுதலாகச் சேர்ந்ததால் மஞ்சள் நிறத்தில் அமைந்ததென விளக்குவர். இதனையும் ஒன்றே ஒன்றாகத்தான் அறிவோம். ஃபெராரி 1894 இல் 4000 குல்டனுக்கு வாங்கினார்.

பாடன் 9 குரொய்சர், 1851: இளஞ்சிவப்புத் தாளில் அச்சிடவேண்டியதை, 6 குரொய்சர் தலைக்குரிய நீலப்பச்சைத் தாளில் அச்சிட்டுவிட்டனர். எழுத்தும் படமும் சரியாக இருக்க, தாள் மட்டும் மாறிய பிழை இது.

போலிகள்

அரிய வகை எதுவாயினும் வாங்கும் ஃபெராரியின் ஆர்வத்தைச் சில வணிகர்கள் தவறாகப் பயன்படுத்தினர். இல்லாத நிறங்களையும் பிழைகளையும் இவருக்கென்றே உருவாக்கி விற்றனர். இத்தகைய போலிகளை, இவர் பெயரையும் அருமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்து, ஃபெராரிட்டி என்று ஏளனமாக அழைப்பதுண்டு. அதனால், இவர் தொகுப்பில் இருந்தது என்பதை மட்டும் கொண்டு ஓர் அரிய வகையை உண்மையானதென ஏற்க இயலாது; தாளையும் மையையும் சோதித்தே முடிவு செய்யவேண்டும்.

உயிலும் ஏலமும்

1914 இல் போர் மூண்டபோது, ஆசுத்திரியக் குடிமகனான ஃபெராரி பிரான்சின் பார்வையில் பகைநாட்டவர் ஆனார். அவர் சுவிட்சர்லாந்தில் தங்கினார். தொகுப்போ பாரிசிலேயே இருந்தது. 1915 இல் எழுதிய உயிலில், அதனைப் பெர்லினில் உள்ள பேரரசு அஞ்சல் அருங்காட்சியகத்துக்கு வழங்கியதுடன் பராமரிப்புக்குப் பணமும் ஒதுக்கினார். 1917 இல் லோசான் நகரில் இறந்தார். ஆசுத்திரியாவின் இசுட்டைன்பாக் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிரெஞ்சு அரசு உயிலை ஏற்கவில்லை. தொகுப்பைப் பகைநாட்டுச் சொத்தாகக் கைப்பற்றி, 1921 இல் தொடங்கி 14 ஏலங்களில் விற்றது. கிடைத்த சுமார் 3 கோடி பிராங்குகள் செருமனி செலுத்தவேண்டிய போர் இழப்பீட்டில் கழிக்கப்பட்டன. இதனால், செருமானிய அருங்காட்சியகத்துக்கு விடப்பட்ட செல்வம் செருமனியின் கடனைத் தீர்க்கவே பயன்பட்டது. 1922 இல் கயானாத் தலையை அமெரிக்கத் தொழிலதிபர் ஆர்தர் ஐண்ட் 3 இலட்சம் பிராங்குக்கும் மேல் கொடுத்து வாங்கினார். அதே தலை 2021 இல் நியூயார்க்கில் சுமார் 83 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டது.

சிறப்பு

இந்த ஏலங்களால், ஒருவர் கையில் மறைந்திருந்த அரிய தலைகள் பல நாடுகளின் சேகரிப்பாளர்களைச் சென்றடைந்தன. தம் தலைகள் சிலவற்றின் பின்புறத்தில் ஃபெராரி மூன்றிதழ் இலை வடிவில் சிறு முத்திரை இட்டிருந்தார். கயானாத் தலையின் பின்புறத்திலும் அம்முத்திரையைக் காணலாம். சிதறிய தொகுப்பின் தலைகளை இனங்காண அது இன்றும் உதவுகிறது.