கணையத்தின் கடமையை மீட்டவர்

பென்னாகரம் வட்டத்தில் உள்ள எங்கள் வீட்டில், ஈரமணல் இட்ட மண்பானைக்குள் ஒரு சிறு புட்டி இருக்கிறது. அதுவே என் தந்தையாரின் உயிர். கல்லூரிக்குப் புறப்படுமுன் நாள்தோறும் அவருக்கு இன்சுலின் ஊசி போடுவது என் கடமை. ஊசிக்குழலின் கோடுகளைப் படிக்கத் தெரிந்தவள் எங்கள் குடும்பத்தில் நான் ஒருத்தியே. அப்புட்டியை உலகுக்கு ஈந்த பிரெடரிக் பாண்டிங் அவர்களைப் பற்றிச் சில சொற்கள் எழுத விழைகிறேன்.

பாண்டிங் 1891 நவம்பர் 14 அன்று கனடா நாட்டில், அல்லிஸ்டன் என்னும் ஊருக்கு அருகில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். நாம் குழந்தைகள் நாளாகக் கொண்டாடும் பண்டித நேருவின் பிறந்தநாளும் நவம்பர் 14 தான். டொராண்டோவில் மருத்துவம் பயின்றார். முதல் உலகப் போரில் காயமுற்றார். பின்னர்க் கனடாவின் லண்டன் நகரில் மருத்துவத் தொழில் தொடங்கினார். நோயாளிகள் வரவில்லை, கடன்தான் வந்தது.

கணையம் இரு பணிகள் செய்யும் உறுப்பு. செரிமான நீரைக் குடலுக்கு அனுப்புகிறது; அதன் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் இன்சுலினை இரத்தத்தில் கலக்கின்றன. இன்சுலின் இல்லையேல் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். அக்காலத்தில் இந்நோய் கண்ட குழந்தைகளுக்குப் பட்டினியே மருத்துவம், முடிவு மரணமே. கணைய நாளத்தைக் கட்டினால் செரிமானப் பகுதி நலிந்துவிடும், பிறகு நல்ல சாறு எடுக்கலாம் என்ற எண்ணம் 1920 அக்டோபர் இறுதியில் ஓர் இரவு பாண்டிங்குக்கு உதித்தது.

பேராசிரியர் மெக்லியாட் டொராண்டோவில் ஆய்வுக்கூடம் அளித்தார். துணைக்கு வந்த சார்லஸ் பெஸ்டுக்கு வயது 22. நம்மைவிடச் சற்றே மூத்தவர்! 1921 கோடையில், கணையம் நீக்கப்பட்ட நாய்களின் சர்க்கரை இவர்கள் எடுத்த சாற்றினால் இறங்கியது. பின்னர் நாளத்தைக் கட்டாமலே, மாட்டின் கணையத்திலிருந்து நேராகச் சாறு எடுத்தனர். 1922 சனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு முதல் ஊசி, பெரிய பயனில்லை. கோலிப் என்னும் வேதியியல் அறிஞர் சாற்றைத் தூய்மைப்படுத்தினார். சனவரி 23 முதல் மீண்டும் ஊசி, சிறுவன் பிழைத்தான்.

1923 இல் பாண்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பாண்டிங் தம் பங்கில் பாதியைப் பெஸ்டுக்கு வழங்கினார். கோடிகள் குவிக்கக்கூடிய காப்புரிமையைப் பாண்டிங், பெஸ்ட், கோலிப் மூவரும் ஆளுக்கு 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்திற்கே தந்துவிட்டனர். 1941 பிப்ரவரியில் விமான விபத்தில் மறைந்தார் பாண்டிங்.

ஆயினும் அவர் பணி முற்றுப்பெறவில்லை. ஒருநாள் ஊசி போட்டபின், தந்தையார் களி உண்ணாமல் கடலைக் கொல்லைக்குப் போய்விட்டார். வியர்த்து நடுங்கிய அவருக்கு வெல்லம் கொடுத்துத் தேற்றினோம். கணையம் இரத்தச் சர்க்கரையை அளந்து அளந்து சுரக்கும். புட்டிக்கு அளக்கத் தெரியாது. சர்க்கரையை அறியும் உணர்கருவியையும் இன்சுலின் செலுத்தும் குழாயையும் இணைத்த செயற்கைக் கணையம் இன்று வந்துவிட்டது. 2016 இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் அதன் விலை எங்களைப் போன்றோருக்கு எட்டாக்கனி.

நண்பர்களே! அதனை எளிய விலையில் ஆக்கும் அறிவு நம்மில் ஒருவருக்கு வாய்க்கட்டும். அதனை 1 டாலருக்குக் கொடுக்கும் நெஞ்சமும் உடன் வாய்க்கட்டும்.