நிக்கல் மிச்சமும் நம்ம ஊர் கறுப்பு ஷீட்டும்: கார்ல் சீக்லர்

பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் சீக்லர்-நட்டா வினையூக்கி என்று ஒரு வரி வரும். ஒரு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்த அன்றைக்கே மறந்துவிட்ட பெயர். அந்த ஹைபனுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர் இருந்தாங்க, ரெண்டு பேருக்கும் நடுவில் பெரிய மனஸ்தாபம் இருந்துச்சு என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. இந்தப் பக்கம் இருந்தவர் கார்ல் சீக்லர். ஆத்தூர் பக்கம் சேகோ ஆலைகளில் குழி வெட்டி விரிக்கிறாங்களே கறுப்பு ஷீட், அதைப் பற்றி எழுதணும் என்றால் இவரிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

1898 நவம்பர் 26. ஜெர்மனியில் காசல் நகரத்துக்குப் பக்கத்தில் ஹெல்சா என்ற சின்ன ஊர். அப்பா ஒரு பாதிரியார். பையனுக்கு ஒரு அறிமுக இயற்பியல் புத்தகம் கிடைத்தது, அவ்வளவுதான், வீட்டிலேயே சோதனை செய்ய ஆரம்பித்துவிட்டான். மார்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, முதல் இரண்டு செமஸ்டர் பாடம் ஏற்கெனவே தெரிந்திருந்ததால் அதைத் தாண்டியே சேர்த்துக்கொண்டார்கள். (நமக்கு லேட்டரல் என்ட்ரி என்றால் பெரும்பாலும் டிப்ளமோ படித்தவர்கள்தான்!) நடுவில் முதல் உலகப் போருக்குப் போய் வந்தும், 1920-இல் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். வயசு 22 கூட ஆகவில்லை. இதைப் படிக்கிற ஃபைனல் இயர் மக்கள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் ஹைடல்பெர்க், 1936-இல் ஹாலே. லித்தியம், சோடியம் மாதிரி உலோகத்தைக் கார்பனோடு சேர்த்தால் என்ன ஆகும் என்பதுதான் அவரோட வாழ்நாள் கேள்வி. இதில் எந்த லாபமும் அப்போது யாருக்கும் தெரியவில்லை.

1943-இல் மியூல்ஹைம் நகரத்திலிருந்த கைசர் வில்ஹெல்ம் நிலக்கரி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநராகக் கூப்பிட்டார்கள். ரூர் பகுதி, சுற்றிலும் சுரங்கம். நிலக்கரியிலிருந்து எரிபொருள் செய்கிற ஃபிஷர்-ட்ராப்ஷ் முறை பிறந்த இடம் அதுதான். போர் நடக்கிற நேரத்தில் ஜெர்மனிக்கு நிலக்கரி என்றால் பெட்ரோல். சீக்லர் தயங்கினார். பிறகு ஒரு கண்டிஷன் போட்டார். நிலக்கரியோடு தொடர்பு இருக்கோ இல்லையோ, கார்பன் சேர்மங்களில் தனக்குத் தோன்றிய எதையும் ஆராயும் சுதந்திரம் வேண்டும். ஒத்துக்கொண்டார்கள். நிலக்கரி கம்பெனிகள் பணம் போடுகிற இடத்தில் இப்படிக் கேட்க ஒரு தைரியம் வேணும். அந்த ஒரு கண்டிஷன் இல்லை என்றால் இந்தக் கட்டுரையே இல்லை.

1945-இல் போர் முடிந்து ஹாலே சோவியத் பகுதிக்குப் போக, சீக்லர் மேற்கே மியூல்ஹைமில் நிலைத்துவிட்டார்.

பாலிஎத்திலீன் அவர் கண்டுபிடித்தது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1933-இலேயே இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியில் அது கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு ஆயிரம் அட்மாஸ்பியருக்கும் மேல் அழுத்தம் வேணும். கிடைக்கிற மூலக்கூறும் நேராக இருக்காது, வேலிக்கருவேல மரம் மாதிரி பக்கம் பக்கமாகக் கிளை விட்டிருக்கும். கிளை இருந்தால் மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்க முடியாது, பிளாஸ்டிக் மென்மையாக இருக்கும். அதுதான் எல்.டி.பி.ஈ.

சீக்லர் குழு போன பாதை வேறு. ட்ரைஎத்தில் அலுமினியம் என்ற சேர்மத்தோடு எத்திலீனைச் சேர்த்தால் அலுமினியத்தின் கையிலேயே சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக நீளும். காற்று பட்டால் தீப்பற்றுகிற சரக்கு அது, லேபில் அதைக் கையாள்வதே ஒரு வித்தை. ஆனால் சங்கிலி ஒரு அளவுக்கு மேல் நீளவில்லை, மெழுகு மாதிரிதான் வந்தது.

அப்போதுதான் ஹோல்ட்ஸ்காம்ப் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒரு சோதனை சொதப்பியது. நீண்ட சங்கிலிக்குப் பதிலாக இரண்டே எத்திலீன் சேர்ந்த பியூட்டீன் மட்டும் வந்தது. நாமாக இருந்தால் ரீடிங்கை அட்ஜஸ்ட் பண்ணி ரெக்கார்டை சப்மிட் பண்ணியிருப்போம். சீக்லர் விடவில்லை. ஏன் இப்படி ஆச்சு என்று தேட வைத்தார். கடைசியில் பிடிபட்டது, ஸ்டீல் ஆட்டோகிளேவில் ஒட்டியிருந்த நிக்கலின் துளி மிச்சம்.

நிக்கல் சங்கிலியைக் கெடுக்கிறது என்றால், வேறு எந்த உலோகம் என்ன செய்யும்? அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். கெடுக்கிற உலோகத்தைத் தேடப் போனவர்களுக்கு 1953 அக்டோபர் கடைசியில் எதிர்மாறான ஒன்று கிடைத்தது. ஹைன்ஸ் பிரைல் என்ற மாணவர் சிர்கோனியம் சேர்மத்தைப் போட்டபோது பாத்திரம் முழுக்க வெள்ளைப் பாலிஎத்திலீன். அடுத்து ஹைன்ஸ் மார்ட்டின் டைட்டானியம் டெட்ராகுளோரைடோடு முயற்சி செய்தார். அதில் அழுத்தமே தேவைப்படவில்லை. ஊறுகாய் ஜாடி மாதிரியான கண்ணாடி ஜாடியில், சாதாரண அழுத்தத்தில், எத்திலீனை விட்டால் வெள்ளையாகத் திரண்டு வந்தது. ஆயிரம் அட்மாஸ்பியர் வேலையை ஜாடியில் முடித்துவிட்டார்கள். நவம்பர் 17-ஆம் தேதி பேட்டன்ட் விண்ணப்பம் போனது.

இந்தச் சங்கிலி கிளை விடாமல் நேராக இருந்தது. நேராக இருந்தால் நெருக்கமாக அடுக்கும், படிகமாகும், தண்ணீரும் ரசாயனமும் எளிதில் நுழையாது. எச்.டி.பி.ஈ. என்கிறோமே, அது இதுதான்.

இதற்கும் ஆத்தூருக்கும் என்ன சம்பந்தம்? ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி என்று இந்தப் பக்கம் முழுக்க குச்சிக்கிழங்கு. கிழங்கை அரைத்து ஜவ்வரிசி எடுத்த பிறகு வருகிற கழிவுநீர் புளித்துப் போன அமிலத் தண்ணீர். கிழங்கில் இருந்து வருகிற சயனைடும் அதில் உண்டு. அது மண்ணுக்குள் இறங்கினால் பக்கத்துக் கிணறு போச்சு, வசிஷ்ட நதியில் விட்டால் நதி போச்சு. அதனால் குளம் மாதிரி வெட்டி, அடியில் எச்.டி.பி.ஈ. ஷீட் விரித்து, மேலேயும் ஷீட்டால் மூடி, உள்ளே உருவாகிற மீத்தேனை எரிபொருளாக எடுக்கிறார்கள். கிணற்றுக்கும் கழிவுக்கும் நடுவில் நிற்பது ஒன்றரை மில்லிமீட்டர்.

அந்த ஒன்றரை மில்லிமீட்டரை நான் இன்டர்ன்ஷிப்பில் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஷீட் தானாக ஒழுகுவது அபூர்வம், ஒழுகினால் பெரும்பாலும் ஜாயின்ட்டில்தான். பாலிஎத்திலீன் எந்தப் பசையையும் பிடிக்க விடாது, அதன் மேற்பரப்பு அப்படி. ஆனால் உருகும். ரெண்டு ஷீட்டை ஒன்றின் மேல் ஒன்று ஓரம் வைத்து, நடுவில் சுமார் 400 டிகிரி சூட்டில் ஒரு உலோக ஆப்பு ஓடும் மெஷினை விட்டால், உருகிய முகங்களை உருளைகள் அழுத்தும். ரெண்டு பக்கத்துச் சங்கிலிகளும் நூல் சிக்கின மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு ஆறும். சீக்லரின் ஜாடியில் நீண்ட அதே சங்கிலிதான். நடுவில் தூசியோ ஈரமோ இருந்தால் பின்னாது. அதனால் மெஷினுக்கு முன்னால் ஒரு அண்ணன் துணியோடு துடைத்துக்கொண்டே போவார். சைட்டில் முக்கியமான ஆள் அவர்தான் என்பது என் கருத்து.

வெல்டு ஒரே கோடாக இருக்காது, இணையாக ரெண்டு கோடு. நடுவில் ஒரு காற்றுக் குழல் விடுவார்கள். முனைகளை மூடி, ஊசி குத்தி, சுமார் 2 பார் காற்று ஏற்றி, 5 நிமிஷம் கேஜைப் பார்க்க வேண்டும். முள் இறங்காமல் நின்றால் மறு முனையை வெட்டிவிடுவார்கள், அப்போது முள் சட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் குழல் நடுவில் எங்கேயோ அடைத்திருக்கு, டெஸ்ட் செல்லாது. பைப் நுழைகிற இடம், மூலை, ஒட்டு போட்ட இடத்துக்கெல்லாம் மேற்பரப்பைத் தேய்த்துவிட்டு எக்ஸ்ட்ரூஷன் வெல்டிங். அதற்கு சோப்புத் தண்ணீர் ஊற்றி வேக்குவம் பாக்ஸ் வைத்துப் பார்ப்பார்கள், நுரை வந்தால் ஓட்டை.

வெயில் இன்னொரு வில்லன். 100 மீட்டர் ஷீட் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் நீளும். நம்ம ஊர் மதியத்தில் கறுப்பு ஷீட் அலை அலையாக எழும்பும். அதனால்தான் ஜாயின்ட் வேலையை விடியற்காலையில் முடிக்கப் பார்க்கிறார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லணும். இன்றைக்கு வருகிற எல்லா ஷீட்டும் சீக்லர் வழி வந்தது இல்லை. 1951-லேயே அமெரிக்காவில் ஃபிலிப்ஸ் கம்பெனியின் ஹோகன், பேங்க்ஸ் இருவரும் குரோமியம் வினையூக்கியில் நேர்சங்கிலிப் பாலிஎத்திலீன் செய்துவிட்டார்கள். ரெண்டு வழியிலும் ஷீட் வருகிறது. அதிகப் படிகமாக இருந்தால் விரிசல் விடுகிற குணமும் உண்டு, அதனால் இப்போது கொஞ்சம் குட்டைக் கிளைகளை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். கறுப்பு நிறம் 2 முதல் 3 சதவீதம் கார்பன் பிளாக், வெயிலைத் தாங்க.

இனி அந்த ஹைபன் கதை. இத்தாலியின் மாண்டிகாட்டினி கம்பெனி சீக்லரோடு ஒப்பந்தம் போட்டு, தன் ஆட்களை மியூல்ஹைமுக்கே அனுப்பியிருந்தது. அந்தக் கம்பெனியின் ஆலோசகர் மிலான் பேராசிரியர் ஜூலியோ நட்டா. டைட்டானியம் செய்தி அவருக்குப் போனது. 1954 மார்ச்சில் அதே வினையூக்கியில் எத்திலீனுக்குப் பதில் புரோப்பிலீனை விட்டுப் படிகப் பாலிபுரோப்பிலீன் எடுத்துவிட்டார். சீக்லரின் முதல் விண்ணப்பம் எத்திலீனைப் பற்றியது. அவர் ஆட்கள் பாலிபுரோப்பிலீனுக்கு விண்ணப்பிக்கும்போது இத்தாலிக்காரர்கள் முந்தியிருந்தார்கள். நம்பிச் சொன்னதை வைத்தே முந்திவிட்டார்கள் என்ற வருத்தம் சீக்லருக்கு. நட்டா பக்கத்தையும் பார்க்கணும், அந்தச் சங்கிலியின் ஒழுங்கை எக்ஸ்-ரேயில் பார்த்து விளக்கியது அவர்தான், அது சின்ன வேலை இல்லை. இருந்தாலும் என் மனசு சீக்லர் பக்கம்தான் சாய்கிறது. அமெரிக்காவில் வழக்கு பல பத்தாண்டு இழுத்தது. 1983-இல் அங்கே படிகப் பாலிபுரோப்பிலீனுக்கான பேட்டன்ட் ரெண்டு பேருக்கும் இல்லாமல் ஃபிலிப்ஸுக்குப் போனதுதான் வேடிக்கை. அதற்குள் இருவருமே உயிரோடு இல்லை.

1963-இல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். லைசென்ஸ் பணம் கொட்டியது. எதற்கும் உதவாது என்று நினைத்த ஆராய்ச்சி, பல பத்தாண்டுகளுக்கு அந்த நிறுவனத்துக்கே சோறு போட்டது. சீக்லர் தன் பங்கிலிருந்து சுமார் 4 கோடி மார்க்கை நிறுவனத்தின் ஆராய்ச்சி நிதிக்கே கொடுத்தார். மனைவி மரியாவோடு சேர்ந்து ஓவியங்கள் சேகரித்தார், மலை ஏறினார், நட்சத்திரம் பார்த்தார். 1969-இல் ஓய்வு. 1972-இல் பேரனோடு கப்பலில் போய்ச் சூரிய கிரகணம் பார்த்துக்கொண்டிருந்தபோது உடம்பு முடியாமல் போனது. அடுத்த வருஷம் ஆகஸ்டில், மியூல்ஹைமிலேயே இறந்தார். வயசு 74.