தீக்காவலர் தீட்டிய மலர்கள்

ஓவியம் என்பது அரண்மனைக்கும் செல்வர் மாளிகைக்குமே உரியது என்று எண்ணுவோர் நம்மில் பலர். எளிய மக்களும் சிறு காசு கொடுத்து வாங்கி மகிழுமாறு பறவைகளையும் மலர்களையும் அச்சில் அளித்த ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். அவரே ஜப்பானியப் பேரோவியர் ஹிரோஷிகே.

இன்று டோக்கியோ என வழங்கும் எடோ நகரில் 1797-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையார் எடோக் கோட்டையைச் சார்ந்த தீயணைப்புப் படையில் சிறு அலுவலர். தந்தைக்குப் பின் மைந்தனுக்கு வரும் பதவி அது, வருவாயோ சொற்பம். 1809-இல் அன்னை மறைந்தார். அவ்வாண்டிலேயே தந்தையும் பதவியை மகனிடம் ஒப்புவித்துவிட்டுக் கண்மூடினார். 12 வயதுச் சிறுவனின் தோளில் குடும்பப் பொறுப்பு ஏறியது.

உள்ளமோ ஓவியத்தையே நாடியது. புகழ்பெற்ற தொயோகுனியை அணுகினார். மாணவர் மிகுதி என்று அவர் ஏற்கவில்லை. மனந்தளராது, தொயோஹிரோ என்னும் ஆசிரியரை 1811-ஆம் ஆண்டளவில் அடைந்தார். ஹிரோஷிகே என்பது அங்குப் பெற்ற பெயரே. ஆயினும் அவர் பதவியை உதறிவிடவில்லை. 1832 வரை, 20 ஆண்டுகளுக்கு மேலாக, கடமையும் கலையும் அவரிடம் ஒருங்கே வாழ்ந்தன.

1830-களில் அவருடைய பறவை மலர்ப் படங்கள் வெளிவரலாயின. பனி மூடிய காமெலியா மலர்க் கிளையருகே பறக்கும் சிட்டுக்குருவிகள், முழுமதியின் முன் இறங்கும் காட்டு வாத்துகள், பிறைநிலவின் கீழ்த் துயிலும் ஆந்தை எனப் பல. நீண்டு குறுகிய தாளில், படத்தருகே ஒரு கவிதையும் பொறிக்கப்பெறும். ஓவியர் வரைந்த தாளைச் செர்ரி மரப்பலகையில் ஒட்டிச் செதுக்குவார் ஒருவர். வண்ணத்திற்கு ஒன்றாகப் பலகைகள் அமைத்து, மூங்கில் மடல் சுற்றிய தேய்ப்பானால் தாளைத் தேய்த்து அச்சிடுவார் மற்றொருவர். பனியின் வெண்மைக்கு மை இல்லை. அச்சேறாது விட்ட வெறுந்தாளே பனியாகிறது!

அதே காலத்தில், எடோவிலிருந்து கியோட்டோ செல்லும் தொகாய்தோப் பெருவழியின் 53 தங்குமிடங்களையும் வரைந்து பெரும்புகழ் எய்தினார். 1856-இல் தலைமுடி மழித்துப் பௌத்தத் துறவு பூண்டும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. எடோவின் எழிலிடங்களைக் காட்டும் நூற்றுக்கு மேற்பட்ட படங்களை வரைந்துவருகையில், நகரில் காலரா பரவிய 1858-இல், இவ்வுலகு நீத்தார். அவ்வரிசையைச் சேர்ந்த இரு படங்களை 1887-இல் பாரிஸ் நகரிலிருந்த வான் கோ எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார் என்றால், அவர் பெருமைக்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் குடியிருப்பிலும், அலுவலகத்திலிருந்து திரும்பியபின் வீணையையோ தூரிகையையோ கையிலெடுப்போர் உளர். வயிற்றுக்காகச் செய்யும் தொழில் தம் கலையை விழுங்கிவிடுமோ என்று அவர்கள் கலங்குவதையும் நாம் அறிவோம். ஹிரோஷிகேயின் சிறந்த படைப்புகள் பல, அவர் 30 வயதைக் கடந்த பின்னரே பிறந்தவை. கிடைத்த சிறு பொழுதைக் கைவிடாதிருப்பதே கலைஞனுக்கு அழகு என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.